மூன்று கொட்டேஷன், ஒரே மேக்

கும்மிடிப்பூண்டி
12.8.2007, ஞாயிற்றுக்கிழமை

அனுப்புநர்: ம. யேசுதாஸ், கொள்முதல் பிரிவு (ஆனால் வீட்டிலிருந்து)
பெறுநர்: செல்வன் ஸ்டீவன், புனே
பொருள்: மன்னிப்புக் கோருதல் – தொடர்பாக
பார்வை: 1. நீ எடுக்காத பதினான்கு போன்கால்கள். 2. நீ பதில் போடாத ஈமெயில் ஒன்று (சுப்பிரமணி அடித்துக் கொடுத்தது).

அன்பு மருமகன் ஸ்டீவனுக்கு, உன் அம்மா ஆரோக்கியமேரியின் ஒரே அண்ணனும், உன் ஞானஸ்நானத்தின்போது உன்னைக் கையில் ஏந்தி நின்று சட்டையெல்லாம் நனைந்தவனுமாகிய மாமா யேசுதாஸ் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான், உன் மாமி, உன் அம்மா எல்லோரும் இங்கே சுகம். புனேயில் மழை அதிகம் என்று பேப்பரில் போட்டிருந்தான். குடை வைத்திருக்கிறாயா? எனக்கு இரண்டு மாதமாகச் சாப்பாடு இறங்குவதில்லை. இருந்தாலும் மாமி மனது கஷ்டப்படக் கூடாதென்று மூன்று வேளையும் சாப்பிட்டு வருகிறேன்.

மேலே பொருள், பார்வை எல்லாம் போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. முப்பத்தொரு வருஷம் ஒரே இரும்புக் கம்பெனியின் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்தவனுக்குப் பொருள் எழுதாமல் பேனா நகராது. கல்யாணமான புதிதில் மாமி பிரசவத்துக்குப் போயிருந்தபோது அவளுக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே "பொருள்: ரசம் வைக்கும் முறை கேட்டல்" என்று எழுதினேன். அதை அவள் தங்கைகள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். இந்த வியாதிதான் உன் விஷயத்தில் என்னை இந்தப் பாடு படுத்திவிட்டது. உனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் வரிசையாகவே சொல்கிறேன். வரிசை தவறினால் எனக்கு அழுகை வந்துவிடும்.

நம் கம்பெனிக்கு வரும் பழைய இரும்பு லாரிகளை நிறுத்துப் பார்த்துச் சீட்டு அடிக்கிற எடைமேடை புரோகிராமை மூன்று வருஷத்துக்கு முன் நீதான் எழுதினாய். ஒரு நாள்கூட அது நின்றதில்லை. இந்த வருஷம் இங்கே எடைமேடைக்கும், திருவள்ளூர்ப் பக்கம் வரப்போகிற புது யூனிட்டுக்கும் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். இரண்டும் வேறு வேறு ஜாதிக் கம்ப்யூட்டர், அதனால் நீ எழுதிய மூல நிரலை அங்கங்கே வைத்து மறுபடி கட்டியாக வேண்டும் என்றாய். அன்றைக்கு நம் வீட்டில் மீன் குழம்பு. எனக்குப் புரியவில்லை என்றதும் நீ கையில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னது அப்படியே நினைவிருக்கிறது.

"மாமா, நம்ம கம்பெனில ஸ்கிராப்பை உருக்கி, உருட்டி, கம்பியாக்கறோம்ல? நான் எழுதனது ஸ்கிராப்பு. கம்ப்யூட்டர்ல ஓடறது கம்பி. எத மொதல்ல உருக்கணும், எத அப்பால உருட்டணும்னு சொல்றதுக்கு ஒரு போர்மேன் வேணும். அதான் மேக்கு. முப்பத்தாறு துண்டு கீது. ஒண்ண மாத்தனா அந்த ஒண்ண மட்டும் செய்வான். மாறாதத தொடவே மாட்டான்."

"அப்ப ஒண்ணுமே மாறலன்னா?"

"ஒண்ணும் செய்ய வேணாம்னு சொல்லிட்டு சும்மா இருப்பான் மாமா."

நல்ல போர்மேன் என்று நான்தான் சொன்னேன். மாமி சாட்சி. இதை நீ மறந்திருக்கலாம், ஆனால் இந்தக் கடிதமே அந்த ஒரு பதிலில்தான் நிற்கிறது.

புரோகிராம் கட்டும் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஜி.எம். கேட்டபோது, மூன்று கொட்டேஷன் வாங்கி ஒப்பீட்டுப் பட்டியல் போடுவதுதானே நம் வழக்கம் என்று வாய் கொழுத்துச் சொன்னவன் நான். துடைப்பத்திலிருந்து உலைச் செங்கல்வரை எனக்கு வாங்கத் தெரிந்த முறை அது ஒன்றுதான். நீ மேக் என்று கொடுத்தாய். கம்ப்யூட்டர் செக்‌ஷன் சுப்பிரமணி 'கான்ஃபிகர்' என்று கொடுத்தான். சென்னையிலிருந்து தணிகாசலம் என்கிற கன்சல்டன்ட் டை கட்டிக்கொண்டு வந்து 'சிமேக்' என்று கொடுத்தார். பட்டியலில் விலைக் கட்டம் இருந்தது. மூன்றுக்கும் இலவசம் என்று எழுத வேண்டியதாயிற்று. முப்பத்தொரு வருஷத்தில் விலைக் கட்டத்தில் இலவசம் என்று எழுதியதில்லை. கை பழக்கத்தில் தணிகாசலத்திடம், "இதுல ஏதாவது கொறச்சிக் குடுக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் டையைச் சரிசெய்துகொண்டு, கம்பெனியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். வாரண்டி கட்டத்தில் மூன்று பேரும் ஒன்றும் கிடையாது என்றார்கள். பாதிப் பட்டியல் அப்படியே காலியாகக் கிடந்ததால், எல்லாம் செயல்முறை விளக்கத்தின் தலையில் விழுந்தது.

அன்றைக்கு மீட்டிங் ரூமில் முதலில் சுப்பிரமணி. அவன் கான்ஃபிகரைத் தட்டிவிட்டதும் திரையில் நூறு, இருநூறு வரி ஓடியது. இது இருக்கிறதா, இருக்கிறது. அது இருக்கிறதா, இருக்கிறது. எனக்கு ஸ்டோருக்கு வரும் சரக்கைச் சரிபார்க்கிற மாதிரி இருந்ததால் மெய்ம்மறந்து பார்த்தேன். நடுவில் ஃபோர்ட்ரான் என்றொரு மொழி இருக்கிறதா என்றும் கேட்டது. "எடமேடைக்கு ஃபோர்ட்ரான் எதுக்குடா?" என்று நீ சுப்பிரமணியைக் கேட்டாய். "அது கேக்குதுடா, நான் இன்னா பண்றது?" என்றான். அப்புறம் கடைசியில் அவன் வேறொரு வார்த்தை தட்டினான், புரோகிராம் வந்தது. அடுத்து தணிகாசலம். பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று பச்சை எழுத்தில் ஏறிக்கொண்டே போயிற்று. நம் ஜி.எம்.முக்குச் சதவீதம் என்றால் எப்படி என்று உனக்குத் தெரியும். நூறு வந்ததும் கை தட்டிவிட்டார். அவரும் நடுவில் ஒரு வார்த்தை தட்டியதைப் பார்த்தேன். அதே வார்த்தைதான் என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

மூன்றாவதாக நீ. எதுவும் சொதப்பக் கூடாதென்று முந்தின நாள் சாயங்காலமே அந்த மீட்டிங் ரூம் கம்ப்யூட்டரில் உன் நிரலை ஒரு தடவை கட்டிப் பார்த்திருந்தாய். எல்லோர் முன்னாலும் மேக் என்று தட்டினாய். திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது. செய்வதற்கு எதுவும் இல்லை. அவ்வளவுதான். மறுபடியும் தட்டினாய், மறுபடியும் அதே வரி. ஜி.எம். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இன்னாப்பா, வேல செய்யமாட்டேன்னு சொல்லுதா ஒன் சாப்ட்வேரு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தணிகாசலம் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நல்ல மனுஷர்தான். உனக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "சார், வேல செய்யாம இல்ல சார். வேல முடிஞ்சிக்கீது சார்" என்றாய். அதோடு நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

ஸ்டீவா, நீ என்னைப் பார்த்தாய். எனக்குப் பதில் தெரியும். மீன் குழம்போடு சொல்லிக் கொடுத்த பதில். மாறாததைத் தொடாத நல்ல போர்மேன் சார் இது, ஒரு துண்டை மாற்றிவிட்டுத் தட்டிப் பாருங்கள் என்று நான் ஒரே வரி சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பேனாவைத் திறந்து 'குறிப்பு' கட்டத்தில் "கருவி வேலை செய்ய மறுத்தது" என்று எழுதினேன்.

ஏன் என்று இரண்டு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். காரணம் கையுறை. தொண்ணூற்று நாலில் உன் மாமியின் தம்பிக்கு உலைத் தொழிலாளர் கையுறை சப்ளை ஆர்டர் வாங்கிக் கொடுத்தேனே, நினைவிருக்கிறதா? நீ அப்போது ஏழாவது படித்தாய். முதல் மழையிலேயே எல்லாம் சுருங்கி, பெரிய பெரிய ஆட்களெல்லாம் குழந்தைக் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து கம்பெனியில் எனக்குக் கையுறை யேசுதாஸ் என்று பெயர். கேட்டில் வாட்ச்மேன்கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்கிறான். மறுபடி ஒரு சொந்தக்காரனுக்கு நான் வாய் திறந்தேன் என்ற பேச்சு வரக் கூடாதென்று பயந்தேன். என் பெயரைக் காப்பாற்ற உன்னை மேடையில் தனியாக விட்டேன். இதுதான் உண்மை, இதற்கு மேல் அலங்காரமாகச் சொல்ல எனக்கு வராது.

நீ நினைத்துக்கொண்டிருக்கிறதைவிட இன்னும் மோசமானது ஒன்று இருக்கிறது. பென்சிலில் நான் முதலில் போட்ட கூட்டல் இது: ஸ்டீவன் எண்பத்தொன்று, தணிகாசலம் எழுபத்தாறு, சுப்பிரமணி எழுபத்திரண்டு. செயல்முறையில் குறைத்தும்கூட நீதான் முதல். மூன்று வருஷம் நிற்காமல் ஓடியதற்கு நான் கொடுத்த மார்க்கை எந்த ஜி.எம். சிரிப்பும் தொட முடியவில்லை. அப்புறம் பட்டியலின் கடைசிக் கட்டத்தைப் பார்த்தேன். 'சப்ளையர் உறவினரா?' உண்டு என்று எழுதினேன். உண்டு என்றால் மார்க் குறைக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. ரப்பர் எடுத்து எண்பத்தொன்றை அழித்துப் பத்தைக் குறைத்து எழுபத்தொன்று என்று மையில் எழுதினேன். சுப்பிரமணிக்கு ஒரு மார்க் கீழே, மூன்றாம் இடம். என்னை யாரும் கேள்வி கேட்கவில்லை. யேசுதாஸ் சார் சொந்த மருமகனையே மூன்றாவதில் போட்டுவிட்டார், நேர்மையான மனுஷன் என்று ஜி.எம். எல்லோர் எதிரிலும் பாராட்டினார். வெட்கமில்லாமல் அதைக் கேட்டுக்கொண்டு டீ குடித்தேன்.

நாலாம் நாள் நீ ராஜினாமா கொடுத்தாய். சொந்தக் காரணம் என்று எழுதியிருந்தாய். புனேக்குப் போகிறேன் என்று வீட்டுக்கு வந்து சொன்னபோது, நான் உன் கண்ணைப் பார்க்காமல், "நல்லது, வெளியூர் போனாத்தான் முன்னேற முடியும்" என்றேன். ஏதோ ரயில்வே அறிவிப்பு செய்கிறவன் மாதிரி. நீ காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாய்.

ஆண்டவர் என்னைச் சும்மா விடவில்லை. ஜூலையில் ஒரு திங்கட்கிழமை பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு எடைமேடையில் புதுசை வைத்தார்கள். சிமேக் முறையில் கட்டலாம் என்று சுப்பிரமணி உட்கார்ந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் சிமேக்கே இல்லை. கேட்டில் இன்டர்நெட் கிடையாது. சிமேக் சி.டி. தணிகாசலத்தின் பெட்டியோடு சென்னைக்குப் போய்விட்டது. எடைமேடை முனுசாமி ஓடி வந்தான்.

"சார், இன்னா சார் இது பேஜாரு! லாரி ரோடு வரிக்கும் நின்னுக்கினு கீது. எளாவூரு செக்போஸ்ட்லயே ராவெல்லாம் நின்னுட்டு வந்தவன் சார், நாஷ்டா கூட துன்ல. என்னிய நைனா நைனான்னு கூப்ட்டுக்கினே கண்டமேனிக்கு திட்றான். ஸ்டீவன் தம்பி கீற சொல்ல இப்டி ஒரு நாளு ஆயிக்குதா சார்?"

உடனே தணிகாசலத்துக்குப் போன் போட்டேன். சிமேக்கையும் மூல நிரலிலிருந்தே கட்டிக்கொள்ளலாம், ரயிலில் ஆளிடம் சி.டி. கொடுத்தனுப்புகிறேன் என்றவர், "உங்க மிஷின்ல மேக் இருக்குல்ல சார்?" என்று கேட்டார்.

"மேக் எதுக்கு? அதத்தான் மூணாவதுல போட்டுட்டமே."

"சார், சிமேக்கைக் கட்டறதுக்கே மேக் வேணும். கட்டினப்புறமும் சிமேக் எதையும் தானா செய்யாது சார். என்னென்ன செய்யணும்னு மேக்குக்கு எழுதிக் குடுக்கும், அவ்ளோதான். செய்யறது மேக்குதான். அன்னிக்கி பாத்தீங்களே, சதவீதம் ஏறினது, அதுகூட மேக் ஓடும்போதுதான்."

நான் மெதுவாகப் போனை வைத்துவிட்டுச் சுப்பிரமணியைப் பார்த்தேன். "அப்ப ஒன் கான்ஃபிகரு?" என்றேன். "அதுவும் அப்டித்தான் சார்" என்றான் அவன், கொஞ்சமும் வெட்கப்படாமல். "அவ்ளோ கேள்வி கேட்டுக்கினு, கடசீல மேக்குக்குத்தான் எழுதிக் குடுக்கும். அது நெறைய ஊருக்குப் போற சரக்குக்கு நல்லது சார். சிமேக்கு பெரிய வேலக்கி நல்லது. நம்ம ஒரு எடமேடைக்கி ஸ்டீவன் கையால எழுதனதே ஜாஸ்தி. நீங்க கேட்டீங்க, குடுத்தேன்."

ஸ்டீவா, மூன்று கொட்டேஷனும் உள்ளே ஒரே கடைச் சரக்கு. இப்படித்தான் ஒருமுறை மூன்று பெயரில் ஒரே ஆள் துடைப்பக் கொட்டேஷன் கொடுத்தான் என்று கண்டுபிடித்து அவனைக் கம்பெனி வாசலே மிதிக்கக் கூடாதென்று செய்தவன் நான். இங்கே மூன்று பேரும் என் கண் முன்னால் அதே வார்த்தையைத் தட்டினார்கள். யாருடைய வேலையைக் கொண்டு மற்ற இருவரும் மார்க் வாங்கினார்களோ, அவனைக் கொண்டு போய் மூன்றாவதில் வைத்திருக்கிறேன்.

சுப்பிரமணி உன் பழைய ஃபோல்டரைக் காப்பி எடுத்து வைத்திருந்தான். அதில் போய் மேக் என்று தட்டினான். முப்பத்தாறு துண்டும் வரிசையாக வந்து, நாலு நிமிஷத்தில் முதல் லாரி மேடை ஏறியது. மேக்குக்காக நீ கையால் எழுதிய கோப்பை அவன் எனக்குத் திறந்து காட்டினான். ஒவ்வொரு இடத்திலும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழில் குறிப்பு எழுதியிருக்கிறாய். முனுசாமி அண்ணன் பிரிண்டர் போட மறந்தாலும் எடை பதிவாகும் என்று ஒன்று. ரிப்போர்ட்டில் எழுத்து அளவு பதினாலு, மாமா கண்ணாடி மாற்றுகிறவரை குறைக்க வேண்டாம் என்று ஒன்று. போன வருஷத்திலிருந்து ரிப்போர்ட் எழுத்து பளிச்சென்று தெரிகிறதே, கம்பெனியில் நல்ல பேப்பர் வாங்குகிறார்கள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாத்ரூமுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்கிராப் குவியலுக்குப் பின்னால் போய் அழுதேன்.

கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கான்ஃபிகர் வரைக்கும் ஃபாதர் பொறுமையாகக் கேட்டார். சிமேக் வந்ததும், "யேசுதாஸ், இதுல பாவம் எது?" என்றார். மருமகனுக்குப் பத்து மார்க் குறைத்தேன் ஃபாதர் என்றேன். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று சொல்லி, மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார், அவனிடமும் போய்ச் சொல் என்றார். ஜெபத்தை அன்றைக்கே முடித்துவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் ஒரு மாதம் ஆகிவிட்டது.

என் மீது நீ கோபமாக இருக்கிறாய். போன் எடுக்காதது நியாயம். பெரிய சாப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பாய், இந்தக் கையுறை மாமாவின் ஞாபகம் எதற்கு? ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு ஒரு நடை வா. என்னோடு பேச வேண்டாம், மாமியோடு பேசு, நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு வேண்டுகோளும் உண்டு. எனக்கு ரிட்டயராக ஒன்றரை வருஷம்தான் இருக்கிறது. பட்டியலை ரப்பரால் திருத்தினேன் என்று வெளியே தெரிந்தால் இந்த வயதில் தலை நிமிர முடியாது. ஆகவே படித்ததும் இதைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டுவிடு. உன் அம்மாவுக்குக்கூடத் தெரிய வேண்டாம். நடந்ததை மறந்துவிட்டு மாமாவை மன்னித்துவிடு.

மாதா உன்னை மழையிலிருந்தும் சளியிலிருந்தும் காப்பாற்றட்டும். மாமி உன்னை நன்றாகச் சாப்பிடச் சொன்னாள். முனுசாமி கேட்டதாகச் சொல்லச் சொன்னான். சுப்பிரமணியும் அப்படியே.

உன் மீது பிரியமும் உன் முன்னால் வெட்கமும் கொண்ட,
தாய்மாமன் யேசுதாஸ்

பின்குறிப்பு: கவர் ஒட்டப் பசை இல்லாமல் உன் அம்மா வீட்டுக்குப் போனேன். யாருக்குக் கடுதாசி என்று கேட்டாள். உளறிவிட்டேன். ஸ்டீவனுக்கு என் மேல் கோபம் என்றதும் அவள் கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"கோவமா? உம்மேலயா? ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போன் பண்றாண்ணா. 'மாமா ஒர்த்தருதாம்மா நேர்மையா சொன்னாரு. அவரே மூணாவதுன்னு போட்டுட்டாருன்னா எனக்கு இந்தத் தொழிலு வராதுன்னுதான் அர்த்தம்'ன்றான். அங்க கம்ப்யூட்டர் வேலயா பாக்கறான்? கொரியர் கம்பெனில பார்சல் பிரிச்சிப் போட்டுக்கினு கீறான். மாமாக்கு சொல்லாதம்மா, வருத்தப்படுவாருன்னான். உன் போனை எடுத்தா கொரலு ஒடஞ்சிடும்னுதான் எடுக்கறதில்ல."

ஸ்டீவா, கிழிக்காதே. மேலே கிழிக்கச் சொன்னதை ரத்து செய்கிறேன். எண்பத்தொன்று, முதலிடம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எந்தக் கம்பெனியில் வேண்டுமானாலும் காட்டு. நாளைக் காலை இதன் நகலை நானே ஜி.எம். மேசையில் வைக்கிறேன். பிறகு கம்பெனியில் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கூப்பிடட்டும். மன்னித்துவிடு என்று கேட்டதையும் ரத்து செய்கிறேன். நீ இன்னும் கோபமே படவில்லை, அதற்குள் மன்னிப்பு எதற்கு? கடிதம் கிடைத்த அன்றைக்கே போன் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டு. குரல் உடைந்தாலும் பரவாயில்லை, திட்டு. நான் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.